மேசையில் ஓர் அட்டை: பரடே கதைக்கப் பழகிய வரலாறு

ஏ.எல். பௌதிகவியல் படித்தவர்களுக்கு மைக்கல் பரடே என்றால் ஒரு விதி. மின்காந்தத் தூண்டல், காந்தப் பாயம், சோதனைக்கு முதல்நாள் இரவு மனனம் செய்த ஒரு வரி. அவ்வளவுதான். ஆனால் அந்த மனிசன் தன் காலத்து லண்டனில் இன்னொரு காரியத்துக்காகவும் பேர்பெற்றிருந்தார். அவர் நல்ல பேச்சாளர். றோயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை இரவுகளில் அவர் கதைப்பதைக் கேட்க மண்டபம் நிறையும். நத்தார் விடுமுறையில் சிறுவர்களுக்கென்று அவர் நடத்திய விரிவுரைத் தொடர்கள் மட்டும் 19. ஒரு மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு நாள் கதைத்தார். அந்த விரிவுரைகள் 1861இல் புத்தகமாக வந்து, இன்றைக்கும் அச்சில் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்தால் 'அது அவருக்குப் பிறவியிலேயே வந்தது' என்றுதான் சொல்லத் தோன்றும். எங்கட ஊர்களில் இதற்கு ஒரு சுருக்கமான சொல்லே இருக்கிறது: வாய்க்காரன். வாய் உள்ளவன் பிழைத்துக்கொள்வான், இல்லாதவன் பின்வாங்கில் இருப்பான். மென்பொருளோ, தாதியியலோ, கட்டட நிர்மாணமோ, எந்தத் துறையில் வேலை செய்தாலும் ஒருநாள் மேலதிகாரி வந்து, "அடுத்த மாதம் கொழும்பில கொன்பரன்ஸ், நீர் போய் ஒரு இருபது நிமிசம் கதையும்" என்று சொல்லத்தான் போகிறார். அன்றிலிருந்து நித்திரை போய்விடும். பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினப் போட்டியில் பரிசு வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். அங்கே மனனம் செய்ததை ஒப்புவித்துவிட்டு இறங்கினால் போதும், கீழே இருந்து எவரும் கேள்வி கேட்பதில்லை. கொன்பரன்சில் கேட்பார்கள், அதுவும் அநேகமாக ஆங்கிலத்தில் கேட்பார்கள்.

பரடே எப்படிப் பேச்சாளர் ஆனார் என்பது வழக்கத்துக்கு மாறாக நன்றாகப் பதிவாகியிருக்கிறது. தன்னைப் பற்றியே குறிப்பெழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. நண்பர்கள் கடிதங்களைப் பத்திரப்படுத்தினார்கள். 1870இல் பென்ஸ் ஜோன்ஸ் அவற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதனால் இந்த வரலாற்றை ஊகிக்கத் தேவையில்லை.

பரடே 1791இல் பிறந்தார். தகப்பன் கொல்லர். படிப்பு என்றால் எழுத, வாசிக்க, கொஞ்சம் கணக்கு. 1805இல் ரிபோ என்ற புத்தக வியாபாரியிடம் ஏழு வருசத்துக்குப் புத்தகம் கட்டுகிற தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் பிடித்துக்கொண்டது. ஜேன் மார்செற் என்ற பெண் எழுதிய இரசாயன உரையாடல் நூல் அதில் ஒன்று. பிறகு 1810இல் ஃப்ளீற் வீதிக்குப் பக்கத்தில், டோர்செற் வீதியில், ஜோன் ரேற்றம் என்பவர் தன் வீட்டில் விரிவுரை வைக்கிறார் என்று தெரியவந்தது. அனுமதி ஒரு சிலிங். தொழில் பழகும் பெடியனிடம் சிலிங் ஏது? தமையன் றொபேட் கொடுத்தார். அவரும் கொல்லர்தான்.

இந்த ரேற்றத்தின் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் எங்கட கண்ணுக்கு இதுதான் கதையின் நடுப்பகுதி. பரடேயின் வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் இதை ஒரு பந்தியில் கடந்து, ஹம்ப்ரி டேவி வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட காட்சிக்கு ஓடிப்போவார்கள். அந்தக் காட்சியும் உண்மைதான். 1812இல் டேவியின் நான்கு விரிவுரைகளுக்கு ஒரு வாடிக்கையாளர் ரிக்கற் கொடுத்தார். பரடே குறிப்பெடுத்து, அழகாக எழுதி, தானே கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் றோயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 சிலிங், மேல்மாடியில் தங்க இடம். ஆனால் டேவி அவருக்கு வேலை கொடுத்தார், கதைக்கப் பழக்கவில்லை. அதைச் செய்தது டோர்செற் வீதி வீடு.

அங்கே கூடியவர்கள் தங்களுக்கு நகர மெய்யியற் கழகம் என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் பெரிதாக இருந்தாலும் ஆட்கள் முப்பது நாற்பது பேர்தான், எல்லாரும் சாதாரண வருமானக்காரர். புதன்கிழமை தோறும் பின்னேரம் கூடுவார்கள். ஒரு புதன் தங்களுக்குள் மட்டும் விவாதம். அடுத்த புதன் வெளியாட்களையும் கூட்டிவந்து ஒரு விரிவுரை. யார் விரிவுரை செய்வது? முறை வைத்து எல்லாரும். முறை வந்தபோது பேசாதவர் அரைக் கினி தண்டம் கட்ட வேண்டும். அரைக் கினி என்றால் பத்தரைச் சிலிங், பரடேயின் ஒரு கிழமைச் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 'எனக்குக் கூச்சம்' என்று சொல்ல அங்கே எல்லாருக்கும் உரிமை இருந்தது, ஆனால் அதற்கு விலையும் இருந்தது.

யோசித்துப் பாருங்கோ. கேட்டுக்கொண்டிருப்பவர் அடுத்த மாதம் பேசப் போகிறவர். இன்றைக்குப் பேசுபவர் அடுத்த மாதம் கேட்கப் போகிறவர். நக்கலடித்தால் திரும்பி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பெரிய ஆட்கள் எவரும் முன்வரிசையில் இல்லை. பிழை விடுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் அந்த நகரத்தில் இருந்திருக்காது.

இந்தக் கழகத்தில் பரடே முதன்முதல் விரிவுரை செய்தது 1816 ஜனவரியில். அதற்கு இரண்டரை வருசத்துக்கு முதலே, 1813 ஜூனில், தன் நண்பர் பெஞ்சமின் அபற்றுக்கு விரிவுரை செய்வது எப்படி என்று தொடராகக் கடிதங்கள் எழுதியிருந்தார். அப்போது வயது 21. ஒரு மேடையும் ஏறியதில்லை! சொந்த அனுபவம் இல்லாமல் மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கும் இளந்தாரி என்று சிரிக்கலாம்தான். ஆனால் அவர் எழுதியது புத்தி சொல்லும் கட்டுரை அல்ல, கவனித்ததன் பட்டியல். புது வேலையில் டேவிக்கும் மற்றப் பேராசிரியர்களுக்கும் பரிசோதனைச் சாமான் அடுக்கிக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பேச்சாளரை மட்டுமல்ல, கேட்பவர்களின் முகத்தையும் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் அவர் முதலில் எழுதியது குரலைப் பற்றியோ கையசைவைப் பற்றியோ இல்லை. மண்டபத்தைப் பற்றி. வாங்குகள் எப்படி இருக்க வேணும், காற்றோட்டம் போதுமா, சனம் இடிபடாமல் வந்து போக வாசல் இருக்கிறதா என்று எழுதுகிறார். புழுங்குகிற அறையில் எவ்வளவு நல்ல பேச்சும் எடுபடாது என்பது அவர் கருத்து. வைகாசி வெயிலில் மின்விசிறி நின்றுபோன மண்டபத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பிறகுதான் பேச்சாளரிடம் வருகிறார். பதற்றம் முகத்தில் தெரியக்கூடாது. சபைக்கு முதுகு காட்டக்கூடாது. ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது, சும்மா அங்குமிங்கும் அலையவும் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. காட்டுகிற பொருள் கடைசி வரிசைக்கும் தெரிய வேணும். கைதட்டலுக்குத் தூண்டில் போடுகிற பேச்சாளரை அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. எடுத்ததற்கெல்லாம் 'மன்னிக்கவும்' சொல்லிக்கொண்டிருப்பவரையும் பிடிக்காது.

கடைசிப் புள்ளியை நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வோம். 'எனக்கு இதில பெரிய அனுபவம் இல்லை, ஏதும் பிழை இருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்று தொடங்குவதை எங்கட ஆட்கள் பணிவு என்று நினைக்கிறோம். கேட்பவருக்கு அது, 'இனி வரப்போவதைக் கவனிக்கத் தேவையில்லை' என்ற அறிவித்தலாகத்தான் போய்ச் சேரும்.

அறிந்து வைத்திருப்பதும் செய்வதும் வேறுவேறு. 1816க்குப் பிறகு பரடே தன் குறைகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். சின்னவயதில் 'ர' உச்சரிப்பு வராது, தமையனின் பேரையே சரியாகச் சொல்ல வரவில்லை என்று ஒரு கதை உண்டு. கதைக்கும்போது வேகம் கூடிவிடும். ஏழைப் பிள்ளையின் லண்டன் உச்சரிப்பு. கேட்க வருபவர்களோ வண்டியில் வந்திறங்கும் கனவான்கள். 1818இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரின் மாலை வகுப்புகளுக்குக் காசு கட்டிப் போனார். எடுத்த குறிப்பு நூறு பக்கத்தைத் தாண்டியது. பிறகு 1827இல், தானே பெரிய விரிவுரைத் தொடர் நடத்தத் தொடங்கிய காலத்தில், அதே ஸ்மார்ட்டைக் கூட்டிவந்து சபையில் இருத்தி, தன் பிழைகளைக் குறித்துத் தரச் சொன்னார். அப்போது பரடே றோயல் கழகத்தின் உறுப்பினர், வயது 35. வெள்ளிக்கிழமை மாலை உரைகளையும் தொடங்கிவிட்டார்.

இன்னொரு குழுவும் இருந்தது. கழகத்தில் பழக்கமான ஆறேழு பேர், எட்வேர்ட் மக்ராத் என்ற நண்பரின் பண்டகசாலையிலோ பரடேயின் மேல்மாடி அறையிலோ கூடி, சத்தமாக வாசித்து, ஒருவர் உச்சரிப்பை மற்றவர் திருத்தினார்கள். முகத்துக்கு நேரே, ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்கள் என்று பரடே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பல வருசம் இது நடந்தது. பரடே பெரிய மேடைக்குப் போன பிறகும் மக்ராத் வந்து இருப்பார், விஞ்ஞானம் கேட்க அல்ல, பிழை எண்ண. பட்டியலைக் கொடுத்தால் பரடே நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார் என்றில்லை, ஆனால் எழுதுவதை நிறுத்தவேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

தனக்கென்று சில விதிகளும் எழுதி வைத்திருந்தார். சொன்ன வசனத்தைத் திரும்பச் சொல்லாதே. திருத்துவதற்காகப் பின்னுக்குப் போகாதே. சொல் வராவிட்டால் 'ஆ... ஊ...' என்று இழுக்காமல் பேசாமல் நில், சொல் தானாக வரும். மற்றவர் காட்டும் பிழையைச் சந்தேகிக்காதே. மூன்றாவது விதியைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மேடையில் இரண்டு செக்கன் அமைதி இரண்டு நிமிசம்போல இருக்கும். சபைக்கு அது மூச்சு விடுகிற நேரம், அவ்வளவுதான். 1924இல் கலிபோர்னியாவின் சாந்தா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்கள் இன்றைக்கு இலங்கையிலும் நடக்கின்றன. அங்கே 'ஆ'க்களை எண்ணுவதற்கென்றே ஓர் ஆளும், நேரம் பார்க்க ஓர் ஆளும் இருப்பார்கள். மக்ராத் செய்த வேலை பதவியாகிவிட்டது.

இனி அந்த அட்டை. பரடேயின் மேசையில் 'மெதுவாக' என்று எழுதிய ஓர் அட்டை எப்போதும் இருக்கும். சில நேரம் பேச்சின் உற்சாகத்தில் அதைப் பார்க்க மறந்து வேகம் பிடித்துவிடுவார். அப்போது உதவியாளர் அன்டர்சன், முன்பு பட்டாளத்தில் இருந்தவர், அதைக் கொண்டுவந்து அவர் கண்ணுக்கு நேரே வைக்க வேண்டும் என்பது கட்டளை. மணித்தியாலம் முடியப்போகும்போது 'நேரம்' என்று இன்னோர் அட்டை வரும். ஐரோப்பா முழுக்கப் பேர்பெற்ற விஞ்ஞானிக்கு, பத்தாயிரம் தடவை செய்த காரியத்தைச் செய்யும்போதும், முன்னால் ஒரு துண்டு அட்டை தேவைப்பட்டது. அவர் அதை ஒளித்து வைக்கவும் இல்லை.

எல்லாருக்கும் இது வாய்க்கவில்லை. பரடேயின் நண்பர் சார்ள்ஸ் வீற்ஸ்ரன், 1837இல் குக் என்பவரோடு சேர்ந்து மின்தந்திக்கு உரிமம் எடுத்தவர், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர். தனியே கதைத்தால் அருமையாகக் கதைப்பார். சபை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் சில விரிவுரைகள் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டார். அவருடைய கண்டுபிடிப்புகள் பலவற்றை வெள்ளிக்கிழமை மேடையில் சொன்னது பரடேதான். 1846 ஏப்ரலில் ஒருநாள் பேச வேண்டிய வீற்ஸ்ரன் கடைசி நிமிசத்தில் படியிறங்கி ஓடிவிட்டார் என்றும், அதனால்தான் இன்றுவரை பேச்சாளரை முன்கூட்டியே ஓர் அறையில் பூட்டி வைக்கிறார்கள் என்றும் ஒரு பிரசித்தமான கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் அந்த ஓட்டத்தை நம்புவதில்லை. அன்று பரடே வீற்ஸ்ரனின் கருவி ஒன்றைப் பற்றிப் பேசியதும், நேரம் மிஞ்சியதால் ஒளி என்பது விசைக்கோடுகளின் அதிர்வாக இருக்கலாம் என்று தன் மனதில் கிடந்த யோசனையை அவிழ்த்துவிட்டதும் உண்மை. தயாரிக்காத அந்தப் பேச்சு, பின்னாளில் மக்ஸ்வெல் ஒளியைப் பற்றிச் சொன்னதற்கு முன்னோடி என்கிறார்கள்.

வீற்ஸ்ரனை நாங்கள் தோற்றவராகப் பார்க்கவில்லை. பேசாமலேயே தந்தி ஓடியது. மேடைக்கு வராதவருக்கு அறிவில்லை என்று நினைப்பது எங்கட துறைகளில் இப்போது பரவிவரும் ஒரு கெட்ட பழக்கம். ஆனால் தன் வேலையை இன்னொருவர் வாயால் சொல்லவிட்டது அவருடைய தெரிவு. அந்தத் தெரிவே இல்லாதவர்களும் அதே லண்டனில் இருந்தார்கள்.

டோர்செற் வீதிக் கழகத்தின் முப்பது நாற்பது பேரும் ஆண்கள். றோயல் இன்ஸ்டிடியூஷனின் கதிரைகளில் பெண்கள் நிறைய இருந்தார்கள்; ஜேன் மார்செற்றும் அங்கே டேவியைக் கேட்டுத்தான் தன் நூலை எழுதினார். அந்த நூலை வாசித்த பெடியன் மேடைக்குப் போனான். எழுதியவர் கதிரையிலேயே இருந்தார். பயம் ஒருவரின் மனதுக்குள் இருக்கும் வியாதி, பயிற்சி எடுத்தால் போய்விடும் என்று தன்னம்பிக்கை வகுப்பு நடத்துபவர்கள் சொல்லும்போது எங்களுக்கு இந்தக் கதிரைதான் ஞாபகம் வரும். பயிற்சி எடுக்க முதலில் ஓர் அறை வேணும், அதற்குள் போக வாசல் வேணும்.

1854இல் பிறந்த ஹேர்த்தா அயர்ரன் அந்த வாசலில் நின்றவர். தகப்பன் போலந்திலிருந்து வந்த யூத மணிக்கூட்டுக்காரர், பிள்ளைக்கு ஏழு வயதில் இறந்துபோனார். தாய் தையல் வேலை செய்தார். கேம்பிரிட்ஜ் கேர்ட்டன் கல்லூரியில் கணிதம் படித்து 1880இல் பரீட்சை எழுதினார். பெண்களுக்கு அங்கே அப்போது பட்டம் கொடுப்பதில்லை. பிறகு பேராசிரியர் வில்லியம் அயர்ரனின் மாலை வகுப்புகளில் மின்னியல் படித்து, 1885இல் அவரையே மணந்தார். அந்தக் காலத்துத் தெருவிளக்குகள் மின்வில் விளக்குகள்: இரண்டு கரிக்கோல்களுக்கு இடையில் மின்சாரம் பாய்ந்து எரியும், எரியும்போது சீறும், மினுங்கும். ஏன் சீறுகிறது என்று யாருக்கும் சரியாக விளங்கவில்லை. கரியின் பள்ளத்துக்குள் காற்றிலுள்ள ஒட்சிசன் போய்த் தாக்குவதுதான் காரணம் என்று அயர்ரன் பரிசோதித்துக் காட்டினார்.

இது விளக்குத் தொழிலுக்கு நேரடியாகத் தேவையான அறிவு. அதனால் மின்பொறியியலாளர் நிறுவனம் கதவைத் திறந்தது. 1899 மார்ச்சில், அந்தச் சபையில் தன் கட்டுரையைத் தானே வாசித்த முதல் பெண் ஆனார். சில நாட்களில் அவரை உறுப்பினராகவும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருசம் பாரிசில் நடந்த சர்வதேச மின்னியல் மாநாட்டிலும் பேசினார். இன்றைய பாசையில் சொன்னால், துறைசார் கொன்பரன்ஸ்.

1901இல் மின்வில் பற்றிய அவருடைய கட்டுரை றோயல் கழகத்துக்குப் போனது. அங்கே அவர் வாசிக்க முடியவில்லை. ஜோன் பெரி என்ற பொறியியற் பேராசிரியர் அவருக்காக வாசித்தார். பெரி நல்ல மனிசன், அடுத்த வருசம் அவரை உறுப்பினராக்க முன்மொழிந்ததும் அவரேதான். கழகம் சட்டத்தரணிகளிடம் ஆலோசனை கேட்டது. மணமான பெண்ணை உறுப்பினராக்கச் சாசனத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. பாரிஸ் மாநாட்டில் பேசிய ஒருவருக்குக் குரல் இல்லை என்றோ துணிவு இல்லை என்றோ யாரும் சொல்லியிருக்க முடியாது. வீற்ஸ்ரனுக்காகப் பரடே பேசியதையும் அயர்ரனுக்காகப் பெரி பேசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளித்தோற்றம் ஒன்றுதான்: எழுதியவர் ஒருவர், மேடையில் இன்னொருவர்.

1904 ஜூனில் அதே றோயல் கழகத்தில் ஹேர்த்தா அயர்ரன் எழுந்து நின்று தன் கட்டுரையைத் தானே வாசித்தார். அங்கே அப்படி வாசித்த முதல் பெண் அவர். இந்தமுறை மின்சாரம் இல்லை, கடற்கரை. அலை வந்து திரும்பும்போது மணலில் வரிவரியாகக் கோடுகள் விழுகிறதே, அவை எப்படி உண்டாகி வளருகின்றன என்பதுதான் பொருள். 1906இல் கழகம் அவருக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது. உறுப்பினராக எடுக்கவில்லை. 1923இல் அவர் இறந்தார். முதன்முதலாகப் பெண்கள் இருவரை றோயல் கழகம் உறுப்பினராக்கியது 1945இல்.